மலைக்காற்றும் மகளின் மூச்சும்

நோய்க்கு மருந்து ஒருபுறமிருக்க, இடமாற்றமே பெருமருந்து என்னும் நம்பிக்கை எம்மவரிடையே நெடுங்காலமாக உண்டு. செல்வச்சந்நிதியிலே சில நாள் தங்கி வருவோர் சிலர். கீரிமலைக் கேணியில் நீராடி மீள்வோர் சிலர். நெஞ்சு வருத்தமுடையோர்க்கோ, மலைநாட்டுப் பக்கம் சென்று நல்ல காற்றைச் சுவாசித்து வரவேண்டும் என்பதே பெரியோர் கூறும் புத்திமதி. இந்நம்பிக்கை ஓர் ஊராகவே உருப்பெற்று நிற்குமிடம் நுவரெலியா.

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில், இலங்கையின் அதியுயர் சிகரமாகிய பீதுருதாலகால மலையின் அடிவாரத்தில் அமைந்தது அந்நகர். அதன் வரலாறு பெரும்பாலும் தேகசுகம் தேடி வந்தோரின் வரலாறேயாகும். 1824 தொடக்கம் 1831 வரை தேசாதிபதியாக விளங்கிய சேர் எட்வேர்ட் பான்ஸ் காலத்திலே, ஆங்கிலப் படைவீரர் நோய் தீர்ந்து உடல் தேறுதற்கேற்ற இடமாக அது வளர்க்கப்பட்டது. 1847ஆம் ஆண்டிலே காய்ச்சலால் நலிவுற்று அங்கு வந்து சேர்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், சில நாட்களிலேயே உடல் தேறக் கண்டு வியந்தார். அடுத்த ஆண்டிலே குடும்பத்தாரையும் தொழிலாளரையும் அழைத்துவந்து பண்ணை அமைத்து அங்கேயே குடியேறிவிட்டார். பின்னாளில் நைல் நதியின் தோற்றுவாயைத் தேடி ஆபிரிக்காவுக்குச் சென்று புகழ்பெற்றவரும் இவரே.

2025ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதப் பாடசாலை விடுமுறையிலே, நாமும் எம் இல்லத்தரசியும் மகளும் அந்நகருக்குப் பயணமானோம். வசந்தகால மலர்களையும் குதிரைப் பந்தயத்தையும் காண்போர் கூட்டம் கூட்டமாகச் செல்லும் காலம் அது. எமது நோக்கமோ வேறு.

எமது மகளுக்கு அப்பொழுது வயது 15. பத்தாம் வகுப்பு மாணவி. பாடசாலை வலைப்பந்து அணியிலும் ஒருத்தி. தை மாதம் தொடக்கம் விடியற்புறத்தில் அவளுக்கு ஒருவகை இருமல் வரலாயிற்று. பகலில் ஒன்றுமில்லை, ஓடி விளையாடி வந்தாலோ நெஞ்சினுள்ளே மெல்லியதொரு விசில் ஒலி கேட்கும். யாழ்ப்பாணத்திலே தொய்வு என்றும் முட்டு என்றும், வைத்தியசாலையிலே ஆஸ்துமா என்றும் வழங்கும் வருத்தமாக இருக்கலாம் என்று வைத்தியர் கூறினார். "இருக்கலாம்" என்ற அந்தச் சொல்லே எமது இல்லத்தை ஆட்டிவைத்தது.

உற்றார் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று கூறினர். அம்மம்மா வேலியோரத்து ஆடாதோடை இலையைப் பறித்துக் குடிநீர் வைக்கத் தொடங்கினார். "நுவரெலியாவுக்குக் கொண்டுபோய் வையுங்கோ, இரண்டு கிழமையில பறந்துபோம்" என்றார் மாமா. "குளிர் பட்டால் இன்னும் முட்டும், போகாதேயுங்கோ" என்றார் பெரியம்மா. "பொம்பிளைப் பிள்ளை, நாளைக்குக் கலியாணம் பேசுற வயது வரும். வெளியில ஒருத்தருக்கும் மூச்சுக் காட்டாதேயுங்கோ" என்றார் சின்னம்மா. மூச்சுவிட முடியாத பிள்ளையைப்பற்றி மூச்சுக் காட்டாதிருக்கும்படி கூறியதைக் கேட்டு, மகள் மாத்திரம் சிரித்தாள்.

வைத்தியர் எமக்கு நோயை எளிதாக விளக்கினார். நுரையீரலுக்குக் காற்றைக் கொண்டுசெல்லும் சிறு குழாய்களின் உட்சுவர் அழற்சியால் வீங்குகின்றது. குழாய்களைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுகின்றன. உள்ளே சளியும் சேருகின்றது. வழி ஒடுங்கவே, உள்ளே சென்ற காற்று வெளியேற முடியாமல் முட்டுகின்றது. இந்த ஒடுக்கம் நிலையானதன்று. நேரத்துக்கு நேரம் வந்து வந்து போவது. வைத்தியரிடம் செல்லும் பகல் வேளையில் நெஞ்சு தெளிவாக இருக்கவும், வீட்டுக்கு வந்தபின் விடியற்காலையில் முட்டவும் கூடும்.

"சந்தேகம் என்று நான் சொல்வது உங்களைப் பயமுறுத்த அல்ல. வரும்போது அதைப் பிடித்துக் கணக்கெடுத்தால்தான் நிச்சயமாகச் சொல்லலாம்" என்று கூறி, ஊதிப் பார்க்கும் சிறு கருவியொன்றை அவர் மகளின் கையிற் கொடுத்தார். பீக் புளோ மீற்றர் என்பது அதன் பெயர். மூச்சை நிறைய உள்ளெடுத்து, ஒரே வீச்சில் ஊதினால், காற்று வெளியேறும் வேகத்தை ஒரு முள் காட்டும். மும்முறை ஊதி, மிக உயர்ந்த எண்ணைக் கொப்பியிற் குறித்தல் வேண்டும்; காலையும் மாலையும் 14 நாள். மூச்சு முட்டினாற் பாவிப்பதற்கென நீல நிற இன்ஹேலர் ஒன்றும், அம்மருந்து வாயிலே தங்காது நெஞ்சினுட் செல்வதற்கு உதவும் ஸ்பேசர் என்னும் குடுவையும் தந்தார்.

நுவரெலியாவைப்பற்றி வினவினோம். "தாராளமாகப் போய் வாருங்கள். ஆனால் அதை மருந்தாக நினைத்துப் போகவேண்டாம். கருவியும் கொப்பியும் கூடவே வரட்டும். உயர்ந்த இடத்திலே சில கருவிகள் சற்று வேறுபட்டுக் காட்டும். ஆதலால் மலையில் எடுத்த எண்ணை யாழ்ப்பாணத்து எண்ணோடு ஒப்பிடாமல், அந்தந்த இடத்துக் காலையையும் மாலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றார். வீட்டிலே நான்கு நாட் கணக்கு எழுதியபின், ஐந்தாம் நாள் அதிகாலையிற் புறப்பட்டோம்.

யாழ்ப்பாணத்தைக் கண்டியுடன் இணைக்கும் ஏ-9 வீதி 321 கிலோமீற்றர் நீளமுடையது. அதன்மீது பலமுறை பயணஞ் செய்திருக்கின்றோம். அதன் காற்றைக் கவனித்துச் சென்றது இதுவே முதன்முறை. குடாநாட்டின் காற்று கடற்காற்று, ஆகவே தூயது என்று கருதுவது எம்மவர் வழக்கம். 2022ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம், வடக்கேயிருந்து வீசிய காற்றோடு மாசும் வந்து யாழ்ப்பாணத்தையும் நாட்டின் வேறு பல நகரங்களையும் மூடியதையும், அம்மாதம் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விடப்பட்டதையும் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். காற்றுக்கு வேலியில்லை. ஆனையிறவைக் கடக்கும்போது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. மகள் சுகமாக இருந்தாள். கிளிநொச்சிக்கு அப்பால் வீதியோரத்தில் எவரோ குப்பைக்குத் தீ மூட்டியிருந்தனர். அப்புகை பஸ்ஸினுட் புகுந்ததுதான் தாமதம், இருமல் தொடங்கியது. யன்னலைச் சாத்தி, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு, கொப்பியைத் திறந்து "குப்பைப் புகை" என்று எழுதினாள். வீட்டிலே எழுதிய பக்கங்களில் "நுளம்புத்திரி", "சாம்பிராணி" என்ற சொற்கள் முன்னரே இருந்தன.

வவுனியா, தம்புள்ளை, மாத்தளை கடந்து கண்டியை அடைந்து, அன்றிரவு அங்கு தங்கினோம். மறுநாட் காலை புகைவண்டியில் ஏறினோம். கண்டிக்கு 1867இல் வந்த இருப்புப்பாதை, மலையைக் குடைந்தும் வளைந்தும் ஏறி நானுஓயாவை எட்டியது 1885இலேதான். கம்பளை, நாவலப்பிட்டி வரை வெப்பம். அப்பால் ஒவ்வொரு வளைவிலும் குளிர் கூடும். அட்டனைக் கடந்தவுடன் நீண்ட சுரங்கமொன்று வரும். தலவாக்கலைக்கு அண்மையில் டெவன் நீர்வீழ்ச்சியும் சென் கிளேயர் நீர்வீழ்ச்சியும் தூரத்தே வெள்ளிக் கோடுகளாகத் தோன்றும். எங்கு நோக்கினும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தேயிலை. "இந்தக் காற்றிலே நோய் ஏது?" என்றார் எம் இல்லத்தரசி. சுரங்கத்தினுள் எஞ்சின் புகை பெட்டியை நிரப்பியபோது, அவரே விரைந்தெழுந்து யன்னல்களைச் சாத்தினார்.

நுவரெலியாவிலே நண்பரான ஓர் ஆசிரியரின் இல்லத்தில் எமக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டிருந்தது. விருந்தினர்க்கென அலுமாரியில் வைத்திருந்த தடித்த கம்பளிகளை அன்போடு எடுத்துத் தந்தனர். அந்நகரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறைய 16 பாகை செல்சியஸ். யாழ்ப்பாணத்து வெயிலிற் பழகிய எமக்கு அன்றிரவு குளிர் எலும்புவரை இறங்கியது. யன்னலெல்லாம் சாத்தியிருந்தன; சுவரின் மூலையிலே கருமையாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது.

விடியற்காலை நான்கு மணிக்கு இருமல் தொடங்கியது. இம்முறை இருமலோடு நிற்கவில்லை. மகள் எழுந்து குந்தி, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றி, தோள்களை உயர்த்தி உயர்த்தி மூச்செடுத்தாள். விசில் ஒலி அறையின் மறுபுறத்துக்கும் கேட்டது. பெற்ற மனம் படும் பாட்டை அந்நேரத்தில் அறிந்தோர் அறிவர். அவளோ முதலிற் கருவியைக் கேட்டாள். முள் 290இல் நின்றது. முதல்நாள் மாலையில் அதே அறையில் 350 காட்டியிருந்தது. வைத்தியர் கற்பித்தவாறு, குடுவையின் வழியே ஒவ்வொரு முறையாக இருமுறை மருந்தை உள்ளெடுத்தாள். கால்மணி நேரத்தில் தோள்கள் தாழ்ந்தன. மீண்டும் ஊதியபோது 345.

"விடிஞ்சதும் ஊருக்குப் போவம்" என்றார் தாய்.

"இறங்கிப் போனால் அங்க வராதோ அம்மா?" என்றாள் மகள். தாயிடம் அதற்கு விடை இருக்கவில்லை. எம்மிடமும் இல்லை.

பொழுது விடிந்தபின் மகள் கொப்பியில் ஒரு கணக்குச் செய்தாள். நாளின் உயர்ந்த எண்ணுக்கும் தாழ்ந்த எண்ணுக்கும் உள்ள வேறுபாடு, அவ்விரண்டின் சராசரியில் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று காண்பதே வைத்தியர் கூறிய முறை. 350க்கும் 290க்கும் வேறுபாடு 60, சராசரி 320, ஆகவே ஏறக்குறைய 19 வீதம். இரு வாரங்களுக்கு இவ்வாறு கணித்த சராசரி, வளர்ந்தோரில் 10 வீதத்துக்கும் சிறுவரில் 13 வீதத்துக்கும் மேற்படுமாயின், அது தொய்வுக்கு ஒரு சான்றாகும். ஒரு நாட் கணக்கு தீர்ப்பாகாது. ஆயினும் சந்தேகத்தின் பக்கம் அன்று கனத்தது.

மலைக்காற்று நெஞ்சுக்கு நல்லது என்ற கூற்றிலே உண்மை அறவே இல்லையென்று கூறுதல் தகாது. சுவிற்சர்லாந்திலே ஏறக்குறைய 1,560 மீற்றர் உயரத்திலுள்ள டாவோஸ் நகரம் சுவாச நோயாளரின் புகலிடமாக நெடுங்காலம் விளங்கியது. அங்கே உயரத்தோடு வறட்சியும் சேர்ந்துள்ளது. படுக்கையிலும் தலையணையிலும் வாழ்ந்து, தொய்வைத் தூண்டும் நுண்ணிய தூசிப்பூச்சிகள் ஈரமின்றிப் பெருகமாட்டா. ஆகவே அங்கு அவை அரிது. எமது நுவரெலியாவோ மூடுபனியும் மழையும் நிறைந்த ஈரப் பிரதேசம். அலுமாரிக் கம்பளியும் சுவர்ப் பூஞ்சணமும் விடியற்குளிரும் ஒன்றுகூடின், உயரம் என்ன செய்யும்? நண்பர் பெருந்தன்மையோடு அன்றே வேறு அறையை ஒழுங்கு செய்தார். கம்பளிகளைக் கொதிநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்தினோம். அடுத்த விடியற்காலையில் முள் 320 காட்டியது.

மூன்றாம் நாள் அண்மையிலுள்ள தேயிலைத் தொழிற்சாலையொன்றைக் காணச் சென்றோம். வாடவைத்து, அரைத்து, உலர்த்தி, சலித்துத் தரம்பிரிக்கும் வேலைகளை முறையே கண்டோம். சலிக்கும் இடத்திலே தேயிலையினின்று பஞ்சுபோன்ற நுண்ணிய தூசி எழுந்து காற்றில் மிதக்கும். இத்தூசியைச் சுவாசிக்கும் தொழிற்சாலை உத்தியோகத்தருக்கு உண்டாகும் தொய்வை, இலங்கையின் நெஞ்சுநோய் வைத்திய நிபுணர் சி. ஜி. ஊறகொட 1970ஆம் ஆண்டு மருத்துவ உலகுக்கு எடுத்துரைத்தார். மகளை வாசலோடு நிறுத்தி, நாம் மாத்திரம் உள்ளே சென்று மீண்டோம்.

வாசலிலே அவளுக்குத் துணையாக முதிய பெண்ணொருத்தி அமர்ந்திருந்தார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். மகளின் இருமலைக் கேட்டு, "பாப்பாவுக்கும் இழுப்பா?" என்று வினவினாராம். நாம் வந்தபோது அவர் கூறிக்கொண்டிருந்தார்: "நல்ல காத்துன்னு கொழும்புலருந்தும் யாழ்ப்பாணத்துலருந்தும் வாராங்க. நான் இங்கனயேதான் பொறந்தேன். எனக்கு இழுப்பு இருக்குதே!"

லயன் அறையின் ஒடுங்கிய குசினியிலே ஈர விறகை ஊதி ஊதிச் சமைத்த வாழ்க்கை அவருடையது. பேசிக்கொண்டிருக்கையில் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தார். வெற்றிலை பாக்கோடு ஓர் இன்ஹேலரும் அதனுள் இருந்தது. வழியிற் போவோர் வருவோர் எவரையும் பொருட்படுத்தாமல் அதனைக் குலுக்கி, உரியவாறு உள்ளிழுத்து, பத்து எண்ணும்வரை மூச்சை அடக்கி, பின் நீரால் வாயைக் கொப்பளித்தார். "இது தெனமும் போடுறது பாப்பா, வாய கழுவிப்புடணும். கிளினிக்குல சொல்லிக் குடுத்தாங்க" என்றார். தன் இன்ஹேலரைப் புத்தகப் பையின் அடியிலே துணியிற் சுற்றி மறைத்து வைத்திருந்த எமது மகள், கண் இமையாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று மாலை அவளுடைய இன்ஹேலர் பையின் வெளிப்பக்கத்துக்கு வந்தது.

நான்காம் நாள் சீதாஎலியவுக்குச் சென்றோம். அருவிக்கரையிலே அமைந்துள்ள சீதையம்மன் ஆலயத்துக்கு 2024ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் திகதி கும்பாபிஷேகம் நிகழ்ந்தது. வண்ணம் மங்காத கோபுரமும் அருவியின் ஓசையும் உள்ளத்தை உருக்கின. விடுமுறைக் கூட்டம் நெருக்கியது. கர்ப்பூரப் புகையும் சாம்பிராணிப் புகையும் மண்டபத்தை நிறைத்தன. நாம் ஒன்றுங் கூறுமுன்னரே மகள் கும்பிட்டுவிட்டு, "நான் ஆத்தடியில நிக்கிறன்" என்று சொல்லி வெளியேறினாள். தனக்கு எது ஆகாது என்பதைக் கொப்பி அவளுக்குக் கற்பித்திருந்தது.

அங்கிருந்து அப்பாற் சிறிது தூரத்திலே ஹக்கலைப் பூங்கா. இன்று ரோசா மலர்களுக்குப் பெயர்பெற்ற அப்பூங்கா 1861ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது மலருக்காக அன்று, மருந்துக்காக. மலேரியாக் காய்ச்சலைத் தீர்க்கும் கொயினா மருந்தைத் தரும் சிங்கோனா மரத்தை இலங்கையிற் பயிரிட்டுப் பார்த்த இடம் அது. மலைக்காற்றே காய்ச்சலைத் தீர்க்குமென்று மக்கள் நம்பியிருந்த மலையிலே, காய்ச்சலுக்குரிய மருந்து மரப்பட்டையொன்றில் உண்டென்று அறிந்தோர் அதனை நட்டு வளர்த்தனர் என்பது சிந்திக்கத்தக்கது.

பூங்காவின் ஏற்றத்திலே பாதிவழியில் மகள் நின்றுவிட்டாள். மரத்தடி வாங்கொன்றில் அமர்ந்தோம். சிறிதுநேரம் பேசாதிருந்தவள், தானாகவே வாய்திறந்தாள்.

"அப்பா, மாசியில இருந்தே விளையாடேக்க முட்டுறது. நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொன்னால் ரீமில இருந்து எடுத்துப்போடுவினம். பிறகு எல்லாரும் என்னை வருத்தக்காரி எண்டு பாப்பினம்."

வயது 15 என்பது பிள்ளைப் பருவமும் அன்று, முதிர்ந்த பருவமும் அன்று. அவ்வயதினர்க்கு நோயைக் காட்டிலும் பெரிய அச்சம், தோழியரிடையே வேறாகத் தோன்றுதல். மறைத்ததற்காக அவளைக் கடிந்துகொள்ள எமக்கு மனம் வரவில்லை. ஆசிரியத் தொழிலின் பழக்கத்தால் இரண்டு செய்திகளை மாத்திரம் கூறினோம்.

முதலாவது, அவள் கையிலிருந்த இன்ஹேலரின் பிறப்பு. 1955ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ரைக்கர் ஆய்வுகூடம் என்னும் மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜோர்ஜ் மெய்சனின் மகளுக்குத் தொய்வு இருந்தது. அக்காலத்தில் மருந்தைக் கண்ணாடிக் கருவியில் இட்டுக் கையால் அமுக்கிப் பாவிக்கவேண்டியிருந்தது. கூந்தலுக்குத் தெளிக்கும் திரவத்தைப் போலத் தன் மருந்தையும் ஒரு தகரக் குப்பியில் அடைத்துத் தெளிக்க முடியாதா என்று அப்பெண் தந்தையிடம் கேட்டாள். அவளுக்கு வயது 13. அக்கேள்வியிலிருந்தே, அளவாக மருந்து தெளிக்கும் முதலாவது இன்ஹேலர் 1956ஆம் ஆண்டு சந்தைக்கு வந்தது. வெட்கப்பட்டு வாய்மூடியிருந்த பெண்ணால் அன்று, வாய்திறந்து கேட்ட பெண்ணால் உலகுக்குக் கிடைத்த கருவி அது.

இரண்டாவது, இங்கிலாந்தின் போலா ரட்கிளிவ் என்னும் ஓட்ட வீராங்கனையின் கதை. அவருக்குத் தொய்வு உண்டென்று கண்டறியப்பட்டது 14ஆம் வயதில். 2003ஆம் ஆண்டு இலண்டன் மரதனை அவர் 2 மணி 15 நிமிடம் 25 செக்கனில் ஓடி முடித்து உலக சாதனை படைத்தார். 2019 வரை எந்தப் பெண்ணாலும் அது முறியடிக்கப்படவில்லை.

"உண்மையாவோ?" என்று கேட்டவள், எழுந்து மெல்ல மெல்ல மீதி ஏற்றத்தையும் ஏறினாள்.

கடைசி இரு நாட்களிலும் மாலைவேளையில் கிரகரி வாவிக் கரையிலே உலாவினோம். தேசாதிபதி சேர் வில்லியம் கிரகரியின் காலத்தில், 1873இல் அமைந்த வாவி அது. குளிர்ந்த உலர்காற்றைத் திடீரென வாயால் இழுத்து ஓடுவதே முட்டை வரவழைக்கும். உடலைப் படிப்படியாகச் சூடாக்கிக்கொண்டு ஓடினால் அதனைப் பெரிதும் தவிர்க்கலாம். பத்து நிமிடம் நடந்து, பின் விரைந்து நடந்து, பின் சற்றே ஓடினாள். ஓட்டம் முடிந்து ஊதியபோது முள் அதிகம் இறங்கவில்லை. அவ்வெண்ணைக் கொப்பியில் இருமுறை கோடிட்டாள்.

ஊர் திரும்பி, மீதி நாட்களையும் எழுதி முடித்து, 14 நாட் கொப்பியை அவளே வைத்தியர்முன் வைத்தாள். அதன்பின் ஸ்பைரோமெற்றி என்னும் சோதனை நடந்தது. ஒருமுறை ஊதி, மருந்தெடுத்து, கால்மணி நேரத்தின்பின் மீண்டும் ஊதவேண்டும். முதற் செக்கனில் வெளியேறும் காற்றின் அளவு மருந்தின்பின் 12 வீதத்துக்கு மேற் கூடினால் அது தொய்வைக் காட்டும். அவளுக்கு 15 வீதம் கூடியது. சந்தேகம் நீங்கியது. நோய் உண்டென்று கேட்டபோது எமக்கு உண்டானது துக்கமன்று, ஒருவகைத் தெளிவே. இருளில் நின்ற ஒன்றுக்குப் பெயரும் முகமும் கிடைத்தன.

வைத்தியர் அப்பொழுது கூறியவற்றுட் சிலவற்றைப் பெற்றாருக்கும் மாணவருக்கும் பயன்படுமென எண்ணி இங்கு தருகின்றோம். நீல இன்ஹேலர் இறுகிய தசையைத் தளர்த்தும், வீக்கத்தைத் தணிக்காது. அதனை மாத்திரம் நம்பியிருத்தல் ஆபத்து. ஆகவே 12 வயதுக்கு மேற்பட்டோருக்கு, வீக்கத்தைத் தணிக்கும் ஸ்ரீரோயிட் சேர்ந்த இன்ஹேலரே வேண்டுமென்று உலகத் தொய்வு வழிகாட்டிகள் 2019 தொடக்கம் வலியுறுத்துகின்றன. ஸ்ரீரோயிட் என்ற பெயரைக் கேட்டு அஞ்சுவோர் பலர். 5 மில்லிகிராம் பிரெட்னிசலோன் குளிசை ஒன்றில் 5,000 மைக்கிரோகிராம் மருந்து உண்டு. இன்ஹேலரின் ஓர் இழுப்பில் இருப்பதோ பெரும்பாலும் ஒருசில நூறு மைக்கிரோகிராம் அளவே. அதுவும் நேரே நெஞ்சுக்குச் செல்வது. பம்ப் பழகினால் விடமுடியாது என்பதும் வீண் பேச்சு; அது போதைப்பொருளன்று. அம்மம்மாவின் ஆடாதோடையையும் வைத்தியர் இகழவில்லை. அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை ஆராய்ந்தே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து ஆக்கப்பட்டதென்றார். ஆயினும் குடிநீரை நம்பி இன்ஹேலரை நிறுத்தலாகாது என்று கண்டிப்பாகக் கூறினார்.

ஒரே மூச்சில் ஒரு வசனத்தைப் பேசி முடிக்க முடியாமை, உதடு நீலம் பாய்தல், நீல இன்ஹேலர் பாவித்தும் தணியாமை ஆகியவற்றுள் ஒன்று காணப்படினும், விடியட்டும் என்று பாராமல் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். இதனை வீட்டிலுள்ள எல்லோரும் அறிந்திருத்தல் அவசியம். பாடசாலை ஆசிரியரும் அறிந்திருத்தல் அதனினும் அவசியம். மகளின் வலைப்பந்துப் பயிற்றுநரிடம் நாம் செல்லவில்லை. தானே சொல்வதாக அவள் கூறினாள், சொன்னாள். அணியிலிருந்து அவளை எவரும் நீக்கவில்லை. விளையாட்டின்முன் உடலைச் சூடாக்கும் நேரம் மாத்திரம் அணி முழுவதற்கும் கூட்டப்பட்டது. சின்னம்மாவுக்கும் அவளே விளக்கம் கொடுத்தாள் என்று கேள்வி.

நுவரெலியா அழகிய ஊர். அங்கே செல்ல வாய்ப்புள்ளோர் அவசியம் செல்லுக. ஹக்கலை மலர்களைக் காண்க. அருவிக்கரை அம்மனைத் தொழுக. நெஞ்சு வருத்தமுள்ள பிள்ளைகளையும் அச்சமின்றி அழைத்துச் செல்லலாம். ஆனால், தொய்வு அணுகாத ஊரொன்று எங்கோ உண்டு, அதனைத் தேடிக் கண்டால் துன்பம் தீரும் என்ற எண்ணத்தை மாத்திரம் நானுஓயா நிலையத்திலேயே இறக்கிவிட்டுச் செல்லுதல் நன்று. கொழுந்து பறித்த அம்முதியவர் வாழ்நாள் முழுவதும் அக்காற்றையே சுவாசித்தார். அவரைக் காத்தது சுருக்குப்பையில் இருந்த மருந்தும், அதனைப் பாவிக்க அவர் கற்றிருந்த முறையுமே. எம் பிள்ளைகள் படிக்கவும் தொழில் பார்க்கவும் நாளை எந்தெந்த ஊருக்குச் செல்வார்களோ, நாம் அறியோம். அங்கெல்லாம் நாம் உடன்சென்று யன்னல் சாத்த முடியாது. தன் மூச்சைத் தானே அளந்து, தன் மருந்தைத் தானே கூச்சமின்றி எடுக்கக் கற்ற பிள்ளை, எந்தக் காற்றிலும் வாழும்.